கறுப்புச் சால்வைக்காரியின் கால்

1913 மார்ச் 3

இந்த நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்தவர் முசியே கஸ்பார். எங்கள் கம்பெனியில் காமிராவின் கைப்பிடியைச் சுற்றுகிறவர். "ஒரு நாளைக்கு நாற்பது கேள்வி கேட்கிறாய் மதலேன். பதிலை எழுதி வைத்துக்கொள், அப்போதாவது நாளைக்கு வேறு நாற்பது கேட்பாய்" என்றார். யோசனை நல்லதாகத்தான் இருக்கிறது. தமிழில் எழுதினால் இந்தப் பாரிசில் திருட்டுத்தனமாகப் படிக்கவும் ஆளில்லை. எனக்கு வாடகைக்கு இடம் விட்டிருக்கும் அறைக்காரி புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டுப் பூ வேலையா என்று கேட்டாள்.

முதல் பக்கத்தில் பெயர் எழுத வேண்டும் என்று மடத்துக் கன்னிமார் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். பெயர் மதலேனம்மாள். ஊர் புதுச்சேரி. வயது முப்பத்துநான்கு. அப்பா கப்பல் பாய் தைக்கிறவர். புருஷன் இஞ்ஞாசிமுத்து, சைகோனில் சுங்க இலாகாவில் உத்தியோகம். நான் ஏழு வருஷத்துக்கு முன் ஒரு நீதிபதி வீட்டுக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள இங்கே கப்பலேறி வந்தேன். குழந்தைகள் வளர்ந்து மீசை வைத்துக்கொண்டதால் என்னை அனுப்பிவிட்டார்கள். இப்போது சினிமாக் கம்பெனியில் உடுப்புத் தைக்கிறேன்.

கம்பெனி ஊருக்கு வெளியே இருக்கிறது. கூரை, சுவர் எல்லாம் கண்ணாடி. வெயில் இருந்தால்தான் படம். மேகம் வந்தால் ராஜாவும் திருடனும் உட்கார்ந்து சீட்டாடுவார்கள், மேகம் விலகினால் எழுந்துபோய்ச் சாவார்கள்.

இன்று தெரிந்துகொண்டது: பிலிமில் சிவப்பு கறுப்பாக விழும், நீலம் வெள்ளையாக விழும். அதனால் நடிகைகள் உதட்டில் சிவப்பு பூசக் கூடாது. பூசினால் வாய் இருக்கிற இடத்தில் பொந்து மாதிரித் தெரியும். ஊரெல்லாம் பேசுகிற "கறுப்புச் சால்வைக்காரி" தொடரில் வரும் அந்தக் கறுப்புச் சால்வை, நல்ல குங்குமச் சிவப்பு. பழைய திரைச்சீலை ஒன்று வீணாகக் கிடந்ததாம், அதில்தான் தைத்தேன். இதைச் சொன்னால் அறைக்காரி நம்பவில்லை.

மார்ச் 9

ஞாயிறு. மத்மசேல் ஒதீல் என்னைப் படம் பார்க்கக் கூட்டிப்போனாள். கறுப்புச் சால்வைக்காரி இவள்தான். இருபத்துநாலு வயது. ஓடுகிற ரயிலில் தாவுவாள், ஆற்றில் குதிப்பாள், எலியைக் கண்டால் மட்டும் மேசை மேல் ஏறிவிடுவாள். நாலாம் பாகம் ஓடிக்கொண்டிருந்தது. திரையில் இவள் பாலத்திலிருந்து தொங்கும்போது பின்னால் இருந்த ஒரு தடித்த அம்மாள் இவள் தோளைத் தட்டி, "தொப்பியைக் கழற்று பெண்ணே, சால்வைக்காரியை மறைக்கிறாய்" என்றாள்.

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. ஒதீல் சிரிக்கவில்லை. தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

திரும்பி வரும்போது காரணம் சொன்னாள். படத்திலும் சரி, சுவர் விளம்பரத்திலும் சரி, அவள் பெயர் கிடையாது. பாத்திரத்தின் பெயர் மட்டும்தான். போன வருஷம் "சமையற்காரி" தொடரில் நடித்தவளுக்குக் கால் முறிந்தது. இரண்டே வாரத்தில் அவள் ஏப்ரனை இன்னொருத்தி இடுப்பில் கட்டினார்கள். பார்த்தவர்களில் ஒருவர்கூடக் கேட்கவில்லையாம். ஒதீல் இந்த வருஷம் சண்டை போட்டு ஒரு வாக்குறுதி வாங்கியிருக்கிறாள். ஆறு பாகமும் முடித்தால் ஆறாவது பாகத்தின் விளம்பரத்தில் அவள் பெயர் போடுவார்கள். ஆனால் ஒன்று, எல்லாச் சாகசத்தையும் அவளே செய்ய வேண்டும். அதைச் சொல்லித்தான் கம்பெனி கூட்டம் சேர்க்கிறது. முடியாது என்று ஒரு நாள் சொன்னாலும் சால்வை வேறு தோளுக்குப் போய்விடும்.

"இன்னும் இரண்டு பாகம் மதலேன். இரண்டே இரண்டு" என்றாள். பெயர் வந்துவிட்டால் அப்புறம் யாரும் அவளை மாற்ற முடியாதாம்.

மார்ச் 21

ஒதீலின் பாவாடை இடுப்பில் கொக்கி மாட்டவில்லை. ஒரு விரல் பிரித்துத் தைத்தேன். பாதாம் பிஸ்கோத்து அதிகம் தின்கிறாள்.

ஏப்ரல் 4

இன்னும் ஒரு விரல். பிஸ்கோத்து.

ஏப்ரல் 11

படக்காட்சிக்குச் சுவர் தீட்டுகிற வர்ணத்தின் வாடை ஒதீலுக்குப் பிடிக்கவில்லை. இரண்டு முறை வெளியே ஓடினாள். எனக்கும் அந்த வாடை பிடிக்காதுதான், ஆனால் ஓடத் தோன்றியதில்லை.

டைரக்டர் முசியே தெல்கூர் தையல் அறைக்கு வந்தார். இவோன் என்ற பெண்ணின் தோள் அளவை எடுத்து வைக்கச் சொன்னார். சும்மாதானாம். இவோன் நல்ல பெண்தான், வேடிக்கை பார்க்கிற கூட்டத்தில் நடிப்பவள். அளவெடுக்கும்போது ஆணியில் தொங்கிய சிவப்புச் சால்வையைத் தடவிக்கொண்டே நின்றாள். அளவை வேண்டுமென்றே இரண்டு விரல் குறைத்து எழுதினேன். பாவம், இருக்கட்டும்.

சைகோனுக்குச் சட்டை கொண்டுபோகிற லூர்துசாமியின் கப்பல் எப்போது வரும் என்று தெரியவில்லை. இஞ்ஞாசிமுத்துவுக்கு இந்த வருஷச் சட்டை தைத்து வைத்துவிட்டேன். நாலு வருஷமாக அவருக்குக் கடிதம் எழுத நேரமில்லை. சுங்க இலாகாவில் வேலை அப்படி.

ஏப்ரல் 17

ஐந்தாம் பாகத்தில் பெரிய சாகசம் கல் குவாரியில். திருடர்களின் காதில் விழாமல் இருக்கச் சால்வைக்காரி சப்பாத்தைக் கழற்றிவிட்டு, நாற்பதடிப் பாறையில் கயிற்றைப் பிடித்து இறங்க வேண்டும்.

மத்தியானம் ஒதீல் தையல் அறைக்கதவைச் சாத்திவிட்டு என் முன்னால் உட்கார்ந்தாள். வெகுநேரம் ஊசி டப்பாவை எடுத்து எடுத்து வைத்தாள். பிறகு, "உன் அப்பா கப்பலில் வேலை செய்தவர் என்று சொன்னாயே. நீ கயிறு ஏறுவாயா?" என்று கேட்டாள்.

பத்து வயதில் பாய்மரத்து உச்சியில் உட்கார்ந்து கிழிசல் தைத்தவள் நான். அதைச் சொன்னேன். ஏன் கேட்கிறாள் என்று நான் கேட்கவில்லை. எல்லாவற்றுக்கும் ஏன் ஏன் என்று கேட்கிற நான் கேட்காமல் இருந்ததை அவளும் கவனித்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை ஐஸ் மாதிரி இருந்தது.

சில விஷயங்களை எழுதக் கூடாது. எழுதினால் நடந்ததாகிவிடும்.

ஏப்ரல் 30

ஏற்பாடு இது. தெல்கூருக்கு ஆபத்தான காட்சி என்றால் நெஞ்சு படபடக்கும். அந்த நாட்களில் அவர் படப்பிடிப்புக்கு வருவதே இல்லை, பக்கத்துக் காப்பிக் கடையில் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார். குவாரியில் கஸ்பார் மட்டும்தான். கஸ்பார் நம் ஆள். ஒதீல் போலவே உயரம் நான். முகத்தைச் சால்வை மறைக்கும். கை கால் நிறத்துக்கு நடிகைகள் பூசுகிற வெள்ளைப் பூச்சு இருக்கிறது. இடுப்புதான் வித்தியாசம். என் இடுப்பு, ஒதீலின் பழைய இடுப்பு.

மே 6

இறங்கினேன்!

காலையில் ஒதீலும் நானும் கஸ்பாரும் மட்டும் குவாரிக்குப் போனோம். தாலிச் சங்கிலியை உள்ளே செருகினேன், தோட்டைக் கழற்றினேன், வளையல் கழற்றினேன். கையிலும் காலிலும் வெள்ளை பூசினேன். மேலே நின்று பார்க்கும்போது கஸ்பார் எறும்பு அளவு இருந்தார். பயம் இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. கயிற்றில் கை பட்டதும் போய்விட்டது. உள்ளங்கைக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது.

நான் இறங்கி முடிக்கிற இடத்தில் காமிராவைத் தரையோடு வைத்திருந்தார் கஸ்பார். என் பாதம் நேராக அதன் கண் முன்னால் வந்து நிற்க வேண்டும், அவ்வளவுதான். சுற்றும்போது பார்த்துக்கொண்டே சுற்றலாமா என்று கேட்டேன். முடியாதாம். கைப்பிடி ஒரே சீராகப் போக வேண்டுமென்று மனசுக்குள் எண்ணிக்கொண்டே இருப்பாராம். என்ன விழுந்தது என்பது பிலிம் கழுவிய பிறகுதான் தெரியும்.

ஒதீல் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து எனக்காக ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தாள். நான் தரையில் கால் வைத்ததும் அழுதாள். ஏழு வருஷமாக இந்த ஊரில் இருக்கிறேன். இன்றைக்குத்தான் சந்தோஷமாக இருந்தேன்.

மே 7

முழங்கையில் சிராய்ப்பு. அறைக்காரியிடம் பூனை என்றேன். அவளிடம் பூனை இல்லை.

மே 11

பெந்தகோஸ்து திருநாள். பூசை முடிந்து வந்தால் வாசலில் லூர்துசாமி. எங்கள் தெருப் பையன், சைகோன் கப்பலில் பரிமாறுகிற வேலை. மர்சேய்யில் கப்பல் பழுது பார்க்க நிற்கிறதாம், ரயிலேறி வந்துவிட்டான். மீன் குழம்பு வைத்தேன். புளிக்கு இங்கே எங்கே போவது, எலுமிச்சம்பழம்தான். இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டான்.

இந்த வருஷச் சட்டையை எடுத்துக் கொடுத்தேன். பிரித்துப் பார்த்தவன், "போன வருஷத்துச் சட்டை அண்ணனுக்குப் புடிச்சுதுக்கா. ஒடம்பு போட்டுடுச்சு அவருக்கு, பத்தல. வெட்டி பையனுக்குத் தச்சிட்டாங்க" என்றான். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். முள்ளை எடுக்கிற சாக்கில் தட்டையே பார்த்தான்.

நான் அவனிடம் கப்பலைப் பற்றிக் கேட்டேன். நிலக்கரி எங்கே ஏற்றுகிறார்கள், கொழும்பில் எத்தனை நாள் நிற்கும், புயல் வந்தால் தட்டுகள் என்ன ஆகும். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னான்.

குழம்பு கொஞ்சம் உப்பு கூடிவிட்டது.

மே 16

இன்று நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

குவாரிப் படம் கழுவி வந்தது. இருட்டறையில் போட்டார்கள். தெல்கூர், ஒதீல், இவோன், கஸ்பார், நான், இன்னும் நாலைந்து பேர். பாறையில் சால்வைக்காரி இறங்குகிறாள். எனக்கே புல்லரித்தது. கீழே வருகிறாள், வருகிறாள், கடைசியில் சுவர் முழுக்க ஒரே ஒரு பாதம். வெள்ளைப் பாதம். இரண்டாவது விரலில் பளபளவென்று என் மெட்டி.

காதைப் பார்த்தேன், கையைப் பார்த்தேன், கழுத்தைப் பார்த்தேன். காலை நினைக்கவே இல்லை. அன்றைக்கு வெள்ளை பூசும்போது மெட்டியைச் சுற்றி ஒழுங்காகத் துணியால் துடைத்துக்கூட விட்டிருக்கிறேன். கண்ணில் பட்டது, மனசில் படவில்லை. பதினாலு வருஷமாக விரலோடு கிடப்பது. மூக்கைக் கழற்ற வேண்டும் என்று யாருக்காவது தோன்றுமா?

தெல்கூர் நிறுத்தச் சொன்னார். விளக்கைப் போட்டார்கள்.

"இது யாருடைய கால்?" என்றார்.

ஒதீல் ஒரு மூச்சுகூடத் தாமதிக்கவில்லை. "என்னுடையதுதான். மதலேன் கொடுத்த வளையம். அதிர்ஷ்டத்துக்காகப் போட்டுக்கொண்டேன்" என்றாள். உன் காலில் இப்படி ஒன்றை நான் பார்த்ததே இல்லையே என்று இவோன் மெதுவாகச் சொன்னாள். தெல்கூர் எல்லார் காலையும் ஒரு முறை பார்த்தார். சப்பாத்துக்குள் என் விரல்களை மடக்கிக்கொண்டேன், தோலுக்குள்ளிருந்து தெரிந்துவிடும் என்பது போல.

பிறகு என் பக்கம் திரும்பினார். உங்கள் ஊரில் யார் இதைப் போடுவார்கள் என்று கேட்டார். கல்யாணமானவர்கள் என்று எப்படிச் சொல்வது? ஒதீலுக்குக் கல்யாணம் ஆகவில்லை. "துணிச்சலான பெண்கள் போடுவார்கள் முசியே" என்றேன். அது பொய்தானா என்று இப்போதும் எனக்குத் தெரியவில்லை.

அவர் தாடையைச் சொறிந்தார். அவருக்குச் சந்தேகம் பாதி, ஆசை பாதி. சுவரில் அந்தக் கால் அழகாகத்தான் இருந்தது. நாளைக் காலை பத்து மணிக்குக் கண்ணாடி வீட்டில், தன் கண் முன்னால், அதே வளையங்களோடு ஒதீலின் காலை மறுபடி எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். "அதே வளையங்கள்" என்று இரண்டு தரம் சொன்னார். இவோனும் வர வேண்டுமாம். சால்வையும்.

கஸ்பார் கம்பியில் வளையம் செய்து தருகிறேன் என்றார். என் மெட்டியில் மூன்று வரி வெட்டும் ஒரு சின்ன மீனும் இருக்கிறது. சுவரில் அவை வாசற்படி அளவுக்குத் தெரிந்தன. கம்பி போதாது.

ஒதீல் ஒன்றும் கேட்கவில்லை. மெட்டி என்றால் என்ன என்று அவளுக்கு முன்பே சொல்லியிருக்கிறேன், புருஷன் உயிரோடிருக்கும்வரை கழற்ற மாட்டோம் என்றும் சொல்லியிருக்கிறேன். அதனால் கேட்கவில்லை. "நாளைக்கு நானே உண்மையைச் சொல்லிவிடுகிறேன்" என்றாள். இருட்டறையிலிருந்து எல்லாரும் போன பிறகும் அந்த வெள்ளைச் சுவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மே 17

கழற்றிவிட்டேன்.

ஏழு மணிக்கே கம்பெனிக்குப் போய்த் தையல் அறையில் உட்கார்ந்தேன். வலது கால் சோப்புக்கே வந்துவிட்டது. இடது கால் வரவில்லை. விரல் தடித்து மெட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தது. கஸ்பார் காமிராவின் கைப்பிடிக்கு விடுகிற எண்ணெயைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். வலித்தது. கொஞ்சம் ரத்தமும் வந்தது. இழுக்கும்போது என் புருஷனை நினைத்துக்கொள்ள வேண்டும் என்று பார்த்தேன். முகம் வரவில்லை. வெட்டித் தைத்த சட்டைதான் வந்தது. என் தையலை எவளோ பல்லால் கடித்துப் பிரித்திருப்பாள். கோபம் வந்தது. அந்தக் கோபத்தில் இழுத்ததில் மெட்டி வந்துவிட்டது.

ஒதீல் வந்தாள். மேசை மேல் மெட்டிகளைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். உட்காரச் சொன்னேன். குனிந்து போட்டுக்கொள்ளப் பார்த்தாள், முடியவில்லை. ஐந்து மாதம். எழுதிவிட்டேன், ஐந்து மாதம். பிஸ்கோத்து இல்லை.

எங்கள் ஊரில் மெட்டி போடுவது மாப்பிள்ளையின் வேலை. ஒதீலின் பாதத்தை என் முழங்காலில் வைத்து நானே போட்டேன். அவள் விரலுக்கு லொடலொட என்று இருந்தது. உள்ளே நூல் சுற்றி இறுக்கினேன்.

"உன் புருஷன்?" என்று கேட்டாள்.

"அவருக்கு ஒன்றும் ஆகவில்லை, சௌக்கியமாக இருக்கிறார்" என்றேன். "மெட்டிதான் ரொம்ப நாளாகத் தனியாக இருந்தது."

பத்து மணிக்கு நல்ல வெயில். இரண்டு காலையும் எடுத்தார்கள். தெல்கூர் முட்டி போட்டுக்கொண்டு பார்த்தார். எழுந்து ஒதீலின் கையில் முத்தம் கொடுத்தார். இவோனை வீட்டுக்குப் போகச் சொன்னார். இனிமேல் சால்வைக்காரிக்கு இந்தக் கால் வளையம்தான் அடையாளமாம். கம்பெனியின் சாமான் பெட்டியில் சேர்த்து மேலே எழுதியும் வைத்துவிட்டார்கள்: வெள்ளி வளையம், ஜோடி ஒன்று.

ஜூன் 14

ஆறாம் பாகம் முடிந்தது. அதில் மேலும் இரண்டு முறை நான் குதித்தேன். ஒதீல் கடற்காற்று வாங்கப் போகிறாள், உடம்பு தேறி வர நவம்பர் ஆகும் என்று கம்பெனிக்குச் சொல்லியிருக்கிறாள். சால்வையை மடித்து அந்துருண்டை போட்டு வைத்தேன்.

ஜூலை 20

விளம்பரம் ஒட்டிவிட்டார்கள். அறைக்காரியையும் இழுத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன்.

மேலே என் கை அகலத்துக்கு எழுத்து: ஒதீல் பெர்த்தான். ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்தேன். கண் கலங்கிவிட்டது. கீழே பாறை, கயிறு, சால்வை, முன்னால் பெரிதாக ஒரு பாதம், மெட்டியோடு. ஓவியக்காரன் கண்ணாடி வீட்டில் எடுத்த படத்தை விட்டுவிட்டுக் குவாரிப் படத்தைப் பார்த்து வரைந்திருக்கிறான். இரண்டாவது விரல் கட்டைவிரலைவிட நீளம். ஒதீலுக்கு அப்படி இல்லை.

பக்கத்தில் நின்ற ஒரு பெண் தன் சிநேகிதியிடம், நடிகை என்றால் கால்கூட என்ன அழகு பார் என்றாள். உண்மைதான் என்று நானும் சேர்ந்து சொன்னேன்.

நவம்பர் 9

ஒதீல் போன திங்கட்கிழமை திரும்பிவிட்டாள். பெண் குழந்தை, ஐந்து வாரம். கடற்கரையில் ஒரு செவிலியிடம் இருக்கிறது, சனிதோறும் போய்ப் பார்ப்பாள். தெருவில் அவளை முதல் தடவையாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்களாம். அதைச் சொல்லும்போது மறுபடி அழுதாள். கம்பெனிப் பெட்டியிலிருந்து எடுத்துக் கைக்குட்டையில் முடிந்து மெட்டியைக் கொண்டுவந்திருந்தாள். ஏழாம் பாகத்துக்கு வேண்டும், பெட்டியிலேயே இருக்கட்டும் என்று திருப்பிக் கொடுத்தேன்.

இன்று மத்தியானம் லூர்துசாமி வந்தான். மீன் குழம்பு. இந்தத் தடவை உப்பு சரி. சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டுத் தயங்கித் தயங்கி, "இந்தத் தடவ அண்ணனுக்கு ஒண்ணும் இல்லியாக்கா?" என்றான். கேட்டவன் கண் என் காலுக்குப் போயிற்று. வீட்டுக்குள் நான் சப்பாத்துப் போடுவதில்லை. மெட்டி இருந்த இடத்தில் தோல் வெளுத்துக் கிடக்கிறது, இன்னும் நிறம் சேரவில்லை. அவன் உட்கார்ந்தே போனான்.

அவன் எதிரில் நானும் உட்கார்ந்தேன்.

"அந்தப் பையனுக்கு எத்தன வயசு?" என்றேன்.

"எட்டு முடிஞ்சுதுக்கா."

எட்டு. ஆயிரத்துத் தொளாயிரத்து ஐந்து. அந்த வருஷம் இஞ்ஞாசிமுத்து வாரம் தவறாமல் எனக்குக் கடிதம் எழுதினார். எல்லாவற்றையும் ரிப்பன் போட்டுக் கட்டி வைத்திருக்கிறேன். கூசாமல் எழுதியிருக்கிறார் பாவி.

பிறகு கேட்டேன். பையன் பெயர் என்ன, யார் சாயல், பள்ளிக்கூடம் போகிறானா, அந்தப் பெண் எந்த ஊர், அவளுக்கு என்னைப் பற்றித் தெரியுமா, சட்டையைப் பிரித்தது அவள்தானா, நல்லவளா. லூர்துசாமி முதலில் தரையைப் பார்த்துச் சொன்னான், பிறகு என் முகத்தைப் பார்த்துச் சொன்னான். நாற்பது கேள்விக்கு மேல் இருக்கும். அவன் மர்சேய் ரயிலைத் தவறவிட்டுவிட்டான்.